மிருக வைத்தியர் எங்கே படிக்கலாம்? காசு கட்டியும் கட்டாமலும் பாவித்துப் பார்த்தவை

பேராதனையில் பட்டம் வாங்கி வந்த பிறகு ஒரு மிருக வைத்தியரைப் பிடித்து உட்கார்த்திப் படி என்று சொல்ல ஆள் கிடையாது. பிரித்தானியாவில் பதிவு வைத்திருக்கிற வைத்தியர் வருடத்துக்கு 35 மணித்தியாலம் படித்ததாகக் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்களைப் படிக்க வைப்பது மாட்டுக்காரர்தான். "உந்த ஊசிதான் போனமுறையும் போட்டது டொக்டர், வேற ஒண்டும் இல்லையோ?" என்று கோப்பாயில் ஒரு அக்கா கேட்டால் அன்று இரவு தானாகவே கை போனுக்குப் போகும்.

அப்படிப் போன கை எங்கெங்கே போனது, எதற்குக் காசு கட்டலாம், எதற்குக் கட்டக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவு. புதிதாகப் பணிமனைக்கு வந்த தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பதால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன். எந்தக் கொம்பனியும் எனக்கு ஒரு பேனை கூடத் தரவில்லை. நான் பார்ப்பது மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் கலந்த வேலை, பின்னேரத்தில் சின்ன கிளினிக். கோழிப் பண்ணைக்காரருக்கோ பெரிய நகரத்தில் நாய் பூனை மட்டும் பார்ப்பவருக்கோ என் தீர்ப்பு அப்படியே பொருந்தாது.

முதலில் எம்எஸ்டி வெட்டரினரி மனுவல். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு மெர்க் என்று பெயர், மற்ற நாடுகளில் எம்எஸ்டி, சரக்கு ஒன்றுதான். 1955இல் அச்சுப் புத்தகமாக ஆரம்பித்தது, இப்போது முழுவதும் இணையத்தில் இலவசம். பதிவு செய்யத் தேவையில்லை, கார்ட் இலக்கம் கேட்காது, ஒரு பக்கம் வாசித்ததும் மிச்சத்தை மறைத்து வைத்துக் காசு கேட்கவும் மாட்டாது. வைத்தியருக்கு ஒரு வடிவம், வளர்ப்பவருக்கு ஒரு வடிவம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இலவசம் என்பதாலேயே தரம் குறைந்தது என்று நினைக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு, இந்த விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள்.

இதன் பெறுமதி விளங்குவது தொழுவத்தில் நிற்கும்போது. ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். வலிகாமப் பக்கம் தோட்டக் கரையில் கட்டிய ஆடு மரவள்ளி இலையை வயிறு முட்டத் தின்றுவிட்டு மூச்சு வாங்குகிறது, கால் தடுமாறுகிறது. மரவள்ளியில் சயனைட் விஷம் இருப்பது எங்களுக்குத் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் அதே ஆடு போன கிழமை யூரியா நன்றாகப் போட்ட புல்லையும் மேய்ந்திருந்தால்? அது நைத்திரேற்று நஞ்சாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மூச்சுத் திணறல், தடுமாற்றம், திடீர்ச் சாவு எல்லாம் பொது. மனுவலின் நஞ்சியல் பகுதி நேரே விஷயத்துக்கு வருகிறது: சயனைட் என்றால் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, நைத்திரேற்று என்றால் சொக்லட் நிறம். ஒரு ஊசியில் கொஞ்சம் இரத்தம் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் போதும், ஆய்வுகூடம் தேவையில்லை. அடுத்தது இன்னும் முக்கியம். சயனைட்டுக்குப் பாவிக்கிற சோடியம் நைத்திரைற்று வேலை செய்வதே இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒட்சிசன் காவ முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றித்தான். நைத்திரேற்று நஞ்சில் ஏற்கெனவே அந்த மாற்றம்தான் ஆட்டைக் கொன்றுகொண்டிருக்கிறது. ஆகவே ஆளை மாறிப் பிடித்து ஊசி போட்டால் நாங்களே முடித்து வைத்த மாதிரி. நைத்திரேற்றுக்கு மெதிலீன் புளூ, சயனைட்டுக்குத் தயோசல்பேற்று, அதைத் தனியாகவும் கொடுக்கலாம். இவ்வளவையும் ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபடி இரண்டு பக்கத்தில் வாசித்துவிடலாம். மருந்து பையில் இருக்கிறதா என்பது வேறு கதை.

தோல் கழலை நோய் வந்த காலத்தையும் சொல்ல வேண்டும், மாட்டுக்காரர் அம்மை என்பார்கள். 2020இல் இலங்கைக்குள் அது வந்தபோது முதலில் தெரிந்தது வடக்கில்தான். அதுவரை எங்களுக்கு அது ஆபிரிக்க நோய், சோதனைக்கு ஒரு கேள்வி வரும், அவ்வளவுதான். திடீரென்று உடம்பெல்லாம் கட்டிகளோடு, காய்ச்சலோடு, கால் வீங்கிய மாடுகள். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். வேப்பிலை அரைத்துப் பூசுவது ஒரு பக்கம், கண்ட கண்ட அன்டிபயோட்டிக்கை மாற்றி மாற்றிப் போடுவது மறுபக்கம். வேப்பிலையால் பெரிய கேடில்லை. அன்டிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது, புண்ணில் கிருமி ஏறினாலோ நெஞ்சில் சளி பிடித்தாலோதான் அதற்கு வேலை. நோயைக் காவுவது பெரும்பாலும் கடிக்கிற ஈயும் நுளம்பும் உண்ணியும், காய்ந்த பொருக்கில் வைரஸ் நெடுநாள் கிடக்கும், தடுப்பூசிதான் உண்மையான வழி. மனுவல் இதை ஆற அமரச் சொல்கிறது. அதோடு இதைப் போலவே தோற்றம் காட்டும் இன்னொரு நோயையும், ஹெர்பிஸ் வைரசால் வருகிற லேசான போலித் தோல் கழலையையும், பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. எது எதோடு மாறிப்போகும் என்று சொல்லித் தராத புத்தகம் எனக்குப் புத்தகமே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மருந்தின் பெயர், பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்ற கணக்கு எல்லாம் அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டது. இங்கே கையில் இருக்கிற போத்தலின் லேபிளைப் பார்க்காமல் அந்தக் கணக்கை மாட்டுக்காரருக்குச் சொல்லக் கூடாது, ஏனென்றால் அதே மருந்து வேறு செறிவில், வேறு கரைசலில் வரும், உடம்பில் தங்குகிற நாளும் மாறும். பிறகு பாம்புக்கடி. அந்தப் பகுதியைத் திறந்தால் முக்கால்வாசி அவர்கள் ஊர்க் குழிவிரியன்கள், கிலுகிலுப்பைப் பாம்புகள். எங்கள் தோட்டத்தில் நாயைக் கடிப்பது நாகமும் கண்ணாடிப் புடையனும் மணல் பக்கம் சுருட்டையும். பொது விதிகள் உதவும், 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு உறைகிறதா என்று பார்ப்பது எந்த ஊர்ப் புடையனுக்கும் பொருந்தும், ஆனால் எங்களுக்கு வருகிற இந்திய எதிர்விஷம் எந்த நாலு பாம்புக்கு என்பதை அமெரிக்கப் புத்தகத்தில் தேடிப் பிரயோசனமில்லை. நாகம், கட்டுவிரியன் வகை, கண்ணாடிப் புடையன், சுருட்டை. நாங்களேதான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

நாய் பூனையின் உள் நோய்களிலும் மனுவல் ஓரளவுக்குத்தான் இறங்கும். சிறுநீரகம், இதயம், ஹோர்மோன் என்று போனால் மேலோட்டம். அதற்கு வேறு இடம் உண்டு, கீழே சொல்கிறேன்.

மருந்தளவுக்குப் பிளம்ஸ். டொனால்ட் பிளம் என்ற மருந்தாளர் தொடங்கியது, முதல் பதிப்பு 1991. மிருக வைத்தியத்தில் மருந்துப் புத்தகம் என்றாலே இதுதான். இப்போது சந்தா கட்டி இணையத்திலும் பார்க்கலாம். இதில் எனக்கு ஒரு கோபம் உண்டு, பிளம்ஸ் மேல் இல்லை, எங்கள் மேல். பழைய பதிப்பின் களவுப் பிடிஎஃப் ஒன்று வட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி எல்லார் போனிலும் கிடக்கிறது, பலர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மருந்தளவு ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான் என்று நினைக்கிறோமா?

மெலொக்சிகாமை எடுங்கள். பூனைக்கு வலி என்றால் எல்லாரும் கை வைக்கிற மருந்து. 2010இல் அமெரிக்காவில் அதன் லேபிளில் பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டார்கள்: பூனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் பழுதாகி இறக்கலாம் என்று. அங்கே பூனைக்கு அனுமதி ஒரே ஒரு ஊசிக்குத்தான். ஐரோப்பாவிலோ கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்ற சின்ன அளவில், வாயால், நீண்ட காலம் கொடுக்க அனுமதி இருக்கிறது. இரண்டும் முட்டாள்தனம் இல்லை, வேறு வேறு அளவு, வேறு வேறு கண்காணிப்பு. பூனை தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீரகம் எப்படி, கூட ஸ்டீரொயிட் போகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய பிடிஎஃபில் இந்தச் சண்டையின் பாதிகூட இருக்காது. ஆகவே காசு கட்டுவதென்றால் முதலில் கட்ட வேண்டியது மருந்தளவுக்குத்தான். ஒரு கிளினிக்கில் இரண்டு மூன்று பேர் வேலை செய்தால் புதிய பதிப்பு அச்சுப் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து வாங்கி மேசையில் வையுங்கள். கரண்ட் போனாலும் அது திறக்கும்.

இடையில் ஒன்று. பூனைக்குக் காய்ச்சல் என்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுத்துவிட்டுக் கொண்டுவருவது இங்கே இன்னும் நிற்கவில்லை. பூனையின் ஈரலால் அதைக் கழிக்க முடியாது, பல் முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும். முறிப்பு மருந்தான அசிற்றைல்சிஸ்டீன் மனிதருக்கும் பாவிக்கிற மருந்துதான், நேரத்துக்கு வந்தால் காப்பாற்றலாம். எம்எஸ்டியின் வளர்ப்பவர் பகுதியில் இதெல்லாம் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் பாமசிகளில் ஒட்டினால் அரைவாசிப் பூனை பிழைக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அடுத்தது டபிள்யூஎஸ்ஏவிஏ, வாயால் சொல்லும்போது வாசவா. சின்ன விலங்கு வைத்தியர்களின் உலகச் சங்கம். இவர்கள் வெளியிடும் வழிகாட்டல்கள் எல்லாம் இலவசம். அதில் தடுப்பூசி வழிகாட்டலின் 2024 பதிப்பை நாய் பூனைக்கு ஊசி போடுகிற எவரும் வாசிக்காமல் இருக்கக் கூடாது, இதை நான் கட்டாயமாகச் சொல்கிறேன், நீளமாக இருந்தாலும் இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

ஏனென்றால் எங்கள் ஊசி அட்டைகள் பழையன. குட்டிக்கு ஆறு கிழமையில் ஒன்று, பிறகு ஒன்று, பத்துப் பன்னிரண்டு கிழமையோடு "முடிஞ்சுது, இனி வருசம் ஒருக்கா" என்று அனுப்பிவிடுகிறோம். பிறகு அதே நாய்க்கு பார்வோ வந்து இரத்தமாய்ப் போனால் ஊசி சரியில்லை, பிரிட்ஜ் சரியில்லை, கொம்பனி சரியில்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசியையும் சேர்த்து அடித்துப் போட்டுவிடும், சில குட்டிகளில் அது 12 கிழமை தாண்டியும் நிற்கும். அதனால்தான் கடைசி ஊசி 16 கிழமையிலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும் என்கிறார்கள். முன்பு ஒரு வயதில் போடச் சொன்ன அடுத்த ஊசியை இப்போது 26 கிழமையில் போடச் சொல்கிறார்கள், முந்தின ஊசிகள் எதுவும் பலிக்காத குட்டி ஒரு வருடம்வரை பாதுகாப்பில்லாமல் திரியக் கூடாது என்று. அதற்குப் பிறகு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தேவையில்லை. இதைச் சொன்னால் வருமானம் குறையுமே என்று ஒரு நண்பர் கேட்டார். குறையும்தான். விசர்நாய்த் தடுப்பூசிக்கு மட்டும் நாட்டுச் சட்டம் சொல்கிறபடி, அதில் விவாதம் வேண்டாம்.

இந்த வழிகாட்டலில் எனக்குப் பிடித்த இடம் பணக்கார நாட்டுக்காரர் வழக்கமாக எழுதாத இடம். ஒரு நாய்க்கு வாழ்நாளில் ஒரே ஒரு ஊசிதான் போட முடியும் என்றால் எப்போது போடுவது? 16 கிழமைக்குப் பிறகு. எங்கள் சனத்தில் எத்தனை பேர் ஒரு தடவை மட்டும் குட்டியைத் தூக்கி வருவார்கள் என்று யோசித்தால் இந்த ஒரு வரிக்காகவே அதைக் கும்பிடலாம்.

எலிக்காய்ச்சல் ஊசி பற்றியும் மாற்றியிருக்கிறார்கள். நோய் இருக்கிற, பொருத்தமான ஊசி கிடைக்கிற இடங்களில் அது இப்போது அடிப்படை ஊசி. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இறந்தது எலிக்காய்ச்சலால் என்று தெரிந்தபோது நாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வயலும் வெள்ளமும் எலியும்தான் கதை. நாயும் சிறுநீரில் கிருமியைக் கழிக்கும். ஆனால் போத்தலில் இருக்கிற வகைக் கிருமியும் ஊரில் திரிகிற வகைக் கிருமியும் ஒன்றாக இருந்தால்தான் ஊசிக்கு முழுப் பயன், அந்தப் பொருத்தத்தைப் பார்க்கவும் அதே ஆவணம் சொல்கிறது.

ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு: அமெரிக்க மிருக உள்மருத்துவக் கல்லூரியின் (ஏசிவிஐஎம்) ஒருமித்த கருத்து அறிக்கைகள். அவர்களுடைய சஞ்சிகையில் இலவசமாகவே இருக்கின்றன. உண்ணிக் காய்ச்சல் எர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்ளின் 28 நாள் என்பது அங்கேதான் இருக்கிறது, ஏழு நாளில் நாய் எழுந்து சாப்பிட்டதும் நிறுத்துகிறவர்களுக்குக் காட்ட நல்லது. கிழட்டுப் பொமேரியன்களின் இதய வால்வு நோய்க்கு 2019 அறிக்கை. இருமல் வந்து வயிறு ஊதின பிறகு மருந்து தொடங்குவதுதான் எங்கள் பழைய வழக்கம். 2016இல் வெளியான எபிக் ஆய்வு, இதயம் பெருத்துவிட்டது ஆனால் இன்னும் திணறல் இல்லை என்ற கட்டத்திலேயே பிமொபென்டான் என்ற இதய மருந்தைத் தொடங்கினால் திணறல் வருவதைச் சராசரியாகப் பதினைந்து மாதம் அளவில் தள்ளிப் போடலாம் என்று காட்டியது. நாயின் வயதில் பதினைந்து மாதம் சும்மா இல்லை. எக்கோ (இதய ஸ்கான்) இல்லாத இடத்தில் எக்ஸ்ரேயை வைத்து எப்படி முடிவெடுப்பது என்பதும் அறிக்கையில் இருக்கிறது, எங்களுக்கு வேண்டியது அதுதான். சிறுநீரகத்துக்கு ஐரிஸ் என்ற அமைப்பின் படிநிலை அட்டவணை, இலவசம், ஒரு பக்கம் அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். இதயம் நின்ற மிருகத்துக்கு உயிர்ப்பு முயற்சி செய்ய ரிகவர் வழிகாட்டல், 2012இல் வந்தது, 2024இல் திருத்தினார்கள். முன்பு நேரம் இழுத்தால் அட்ரீனலினைப் பெரிய அளவில் கொடுக்கலாம் என்றிருந்தது, இப்போது வேண்டாம் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்கிற எல்லாருக்கும் இது வேண்டும்.

விஐஎன், அதாவது மிருக வைத்தியர்கள் சந்தா கட்டிச் சேர்கிற இணைய வலையமைப்பு, பற்றிக் கேட்பீர்கள். 1991இல் கலிபோர்னியா டேவிஸில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் போல் பியன், பூனையின் உணவில் டோரின் என்ற சத்துக் குறைந்தால் இதயம் தளர்ந்து பெருக்கும் என்று 1987இல் கண்டுபிடித்துச் சொன்னவர், அதோடு உலகத்துப் பூனைச் சாப்பாடே மாறியது. சிறப்பு வைத்தியர்களிடம் நோயாளியின் விபரத்தைப் போட்டுக் கேட்கலாம், மாநாட்டுப் பேச்சுகளின் எழுத்து வடிவங்கள், மருந்து நூல், வகுப்புகள் என்று சாமான் மலை போல் கிடக்கிறது. மாணவர்களுக்குக் கட்டணமில்லை, ஆகவே பேராதனையில் இருக்கும்போதே சேர்ந்து, தேட எப்படிக் கேள்வி கேட்பது என்று பழகிக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகு மாதாமாதம் டொலர். நாய் பூனை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் காசு வரும். மாடும் ஆடும் பார்க்கிற எனக்கு வராது. அங்கே வருகிற பதில்கள் சிடி ஸ்கான் எடு, இன்ன இரத்தப் பரிசோதனை அனுப்பு என்று தொடங்கும், அவர்கள் சொல்வது சரிதான், என் மேசையில் இருப்பது மைக்ரொஸ்கோப் ஒன்றும் தெர்மொமீற்றர் ஒன்றும்.

டொலர் சந்தா என்றதும் ஒரு எச்சரிக்கை. 2022இல் ரூபா சரிந்தபோது ஒரு வகுப்புத் தளம் என் கார்ட்டிலிருந்து தானாகவே புதுப்பித்து எடுத்தது. வருடத் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபா, சித்திரை வைகாசிக்குள் முந்நூற்று அறுபது. கேட்டபோது விதிமுறையில் எழுதியிருக்கிறது என்றார்கள். பெயரை விடுவோம். எதில் சேர்ந்தாலும் சேர்கிற அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள்.

வெபினார்கள்? பிரித்தானியாவில் இரவு எட்டு மணி என்றால் எங்களுக்குக் கோடையில் நள்ளிரவு பன்னிரண்டரை, மாரியில் ஒன்றரை. அமெரிக்காவின் கிழக்குக் கரை எட்டு மணி என்றால் விடியற்காலை ஐந்தரை அல்லது ஆறரை, அது மாட்டுக்காரர் பால் கறந்துவிட்டுப் போன் எடுக்கிற நேரம். நேரடியாகப் பார்ப்பதை மறந்துவிடுங்கள், பதிவு இருந்தால் மட்டும் சேருங்கள். பலதில் பேச்சாளர் ஒரு மணித்தியாலம் பேசுவார், அதில் நாற்பது நிமிடம் அனுசரணைக் கொம்பனியின் புது மாத்திரை. சான்றிதழ் மட்டும் வடிவாக வரும், சுவரில் மாட்டலாம், ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இதற்கு நேர் எதிர் ஐநாவின் உணவு விவசாய அமைப்பான எஃப்ஏஓவின் இணைய வகுப்புகள். இலவசம், சில கிழமை நீளும், கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும், முடிவில் பரீட்சை. தோல் கழலை, கால் வாய் நோய், ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் போன்ற எல்லை தாண்டுகிற நோய்கள்தான் பாடம். எப்போதும் திறந்திருக்காது, அறிவிப்பு வரும்போது பிடிக்க வேண்டும், அரச சேவையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியவரும், தனியார் வேலை செய்கிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும். 2024இல் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபோது அந்த வகுப்பைச் செய்திருந்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பேச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது. யார் எந்த மாதிரியை எடுக்க வேண்டும், எதை அசைக்கக் கூடாது என்பதில் ஒரு பகுதியினர் நிதானமாக இருந்தார்கள். விசர்நாய் நோய்க்குக் கார்க் என்ற உலகக் கூட்டமைப்பின் இலவச வகுப்புகளும் நல்லது. நாயைப் பிடித்து ஊசி போடுகிற வகுப்பை வைத்தியர் மட்டுமில்லை, ஊசி முகாமுக்கு வருகிற தொண்டர்களும் செய்யலாம், ஆங்கிலம் கொஞ்சம் விளங்கினால் போதும்.

இப்போது எதிலும் இல்லாதது. பபீசியா கிப்சனி, உண்ணி காவுகிற ஒரு சின்ன இரத்த ஒட்டுண்ணி. எங்கள் நாய்களைத் தின்கிற உண்ணிக் காய்ச்சல்களில் இது ஒரு பெரிய தலைவலி, பெரிய பபீசியாவுக்கு நன்றாகக் கேட்கிற இமிடோகார்ப் இதற்கு அரைகுறை. வெளிநாட்டு நூல் எல்லாம் அட்டோவகோனும் அசித்ரோமைசினும் பத்து நாள் என்று முடித்துவிடும். அட்டோவகோனை யாழ்ப்பாணத்தில் கேட்டால் பாமசிக்காரர் "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கோ டொக்டர்" என்பார். கிடைத்தாலும் சாதாரண வீட்டு நாய்க்கு அந்த விலையைக் கொடுக்கிற ஆள் குறைவு. அப்போது கிளின்டமைசின், மெட்ரொனிடசோல், டொக்சிசைக்ளின் மூன்றையும் சேர்க்கிற வழிக்குப் போகிறோம், அது மெதுவாகத்தான் வேலை செய்யும், கிருமி முழுதாய்ப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இந்த நிலையில் என்ன செய்வது என்று கலிபோர்னியாவில் இருந்து யாரும் எழுதமாட்டார்கள். இலங்கை மிருக வைத்தியர் சங்கத்தின் சஞ்சிகை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தேடினால் எங்கள் உண்ணி, எங்கள் மாடு, எங்கள் கோழி பற்றிய கட்டுரைகள் வரும். அச்சுத் தரத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். மற்றது கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பேராதனைக்கும் ஒரு மாதிரியை ஒழுங்காக அனுப்பப் பழகுவது. ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டு அடுத்த நாள் போன் எடுத்துக் கதைத்தால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் வருகிறது பல வெபினாரில் வராது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மருந்தளவு கேட்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கேளுங்கள், பிறகு பிளம்ஸைத் திறந்து பாருங்கள். தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்கிற ஆளிடம் நாங்கள் எத்தனை தடவை மாடு வாங்கி ஏமாந்திருக்கிறோம்.

என் கணக்கு இப்படி. காசில்லாதவர், புதிதாக வந்தவர்: எம்எஸ்டி, வாசவா, ஒருமித்த கருத்து அறிக்கைகள், எங்கள் சங்கச் சஞ்சிகை. ஒரு சதமும் போகாது, ஒரு வருடத்துக்கு வாசிக்க இருக்கிறது. கொஞ்சம் காசிருந்தால் பிளம்ஸ், சேர்ந்து வாங்குங்கள். நாய் பூனைக் கிளினிக் நன்றாக ஓடினால் விஐஎன், ஆறு மாதம் பாவித்துப் பார்த்து நிறுத்துவதா தொடர்வதா என்று யோசியுங்கள். சான்றிதழுக்காக மட்டும் காசு கட்டுகிற வகுப்பு எதுவும் வேண்டாம்.

தீவுப்பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நெடுந்தீவில் சிக்னலை நம்ப முடியாது. குறிகாட்டுவானில் படகு ஏற முதல் வேண்டிய பக்கங்களைப் பிடிஎஃபாகப் போனில் இறக்கி வையுங்கள், நஞ்சியல், கன்று ஈனுதல், பால் காய்ச்சல், அதோடு குதிரைப் பகுதியும். மாடு பார்க்கத்தானே போகிறோம் என்று நினைப்பீர்கள், அங்கே இறங்கியதும் யாராவது ஒருவர் வந்து நொண்டுகிற குதிரை ஒன்றைக் காட்டுவார்.